ஆய்வுத் தரவை எங்கே வைப்பது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும்போது, பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில், ஒரு கேள்வி வரும்: இந்தக் கட்டுரைக்கான தரவு எங்கே கிடைக்கும்? மாதக்கணக்கில் உழைத்துக் கட்டுரையை முடித்த ஆய்வு மாணவர்கள் பலர் இந்த ஓர் இடத்தில் தடுமாறுகிறார்கள். கைடு ஒன்று சொல்வார், இணையாசிரியர் வேறொன்று சொல்வார், நூலகர் கல்லூரி சர்வரைக் காட்டுவார். ஸெனோடோ, ட்ரையட், ஜென்பேங்க் போன்ற இணையத் தரவுக் களஞ்சியங்களா, கல்லூரிக் களஞ்சியமா? இல்லை, "கேட்டால் தருகிறேன்" என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாமா?

கொள்கைகளுக்குக் குறைவில்லை. இந்திய அரசின் தேசியத் தரவுப் பகிர்வு, அணுகல் கொள்கை 2012-லேயே வந்துவிட்டது. 2016-ல் ஃபேர் கொள்கைகள் வெளியாயின. 2021-ல் யுனெஸ்கோ திறந்த அறிவியலுக்கான பரிந்துரையை ஏற்றது. இவற்றில் அன்றாட வேலைக்கு அதிகம் உதவுவது ஃபேர்தான். அது கேட்பது நான்கு: தரவைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும், எடுக்க முடிய வேண்டும், மற்ற தரவோடு இணைக்க முடிய வேண்டும், வேறொருவர் மறுபடி பயன்படுத்த முடிய வேண்டும். ஃபேர் என்றால் எல்லாவற்றையும் பொதுவில் கொட்டிவிட வேண்டும் என்று பலர் நினைத்துப் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. தரவையே மூடி வைத்திருந்தாலும், இப்படி ஒரு தரவு இருக்கிறது, இன்னாரிடம் இன்ன நிபந்தனையில் கிடைக்கும் என்ற விவரம் திறந்திருந்தால் அதுவும் ஃபேர்தான்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதலில் ஆயுள். நீங்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள், கைடு ஓய்வுபெற்றுவிட்டார், திட்ட நிதியும் முடிந்துவிட்டது. அப்போதும் அந்தக் கோப்பு கிடைக்குமா? மற்ற கேள்விகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அடுத்தது நிலையான அடையாள எண். டிஓஐ ஆகவும் இருக்கலாம், ஜென்பேங்க் தருவது போன்ற சேர்க்கை எண்ணாகவும் இருக்கலாம். சர்வர் மாறினாலும் முகவரி மாறினாலும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கோப்புக்கு வந்து சேர முடிய வேண்டும்.

உங்கள் துறைக்காரர் வழக்கமாகத் தேடும் இடத்தில் தரவு இருக்கிறதா என்பது மூன்றாவது. யார் பார்க்கலாம் என்பதை நீங்கள் கட்டுப்படுத்த முடியுமா என்பது நான்காவது. மனிதர்களிடம் பேசி எடுத்த தரவுக்கு இதுதான் முதல் கேள்வியாகிவிடும். கடைசியாகச் செலவு. பணம் அதில் சிறிய பங்குதான், நேரம் பெரிய பங்கு.

## வழி 1: "கேட்டால் தருகிறேன்"

எளிதான வழி என்பதால் அதிகம் பேர் எடுக்கும் வழியும் இதுதான். இது எவ்வளவு வேலைசெய்கிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கேட்டால் தருவதாகச் சொல்லியிருந்த 1792 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் தரவைக் கேட்டுப் பார்த்து, 2022-ல் ஓர் ஆய்வு வெளியானது. தந்தவர்கள் 122 பேர், 6.8%. மற்றவர்கள் பதில் போடவில்லை அல்லது மறுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே, 2014-ல், 516 உயிரியல் கட்டுரைகளைப் பின்தொடர்ந்த இன்னோர் ஆய்வு வந்தது. கட்டுரைக்கு ஒரு வயது கூடக்கூட, தரவு மிச்சமிருக்கும் வாய்ப்பு விகிதம் 17% குறைந்துகொண்டே போனதை அது காட்டியது. காரணங்கள் நமக்குத் தெரிந்தவைதான்: மின்னஞ்சல் முகவரி செத்துப்போனது, தரவு இருந்த வட்டைப் படிக்க இன்று கருவி இல்லை.

இதற்குக் காசு செலவில்லை என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பழைய கோப்பைத் தேடி, எந்தப் பதிப்பு கட்டுரையில் பயன்பட்டது என்று யோசித்து, நெடுவரிசைத் தலைப்புகளுக்கு விளக்கம் எழுதி அனுப்ப வேண்டும். அந்த வேலையை இன்று செய்யாமல் எதிர்காலத்துக்குத் தள்ளிவைக்கிறோம், அவ்வளவுதான். கூகுள் டிரைவ் இணைப்பு கொடுப்பதும் இதே வகைதான். பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கு மூடப்படும் அன்று இணைப்பும் போய்விடும்.

இது சரியான வழியாக இருக்கும் ஓர் இடம் உண்டு. தரவு உங்களுடையதே இல்லை, ஓர் அரசுத் துறையிடமோ மருத்துவமனையிடமோ, மூன்றாம் நபருக்குத் தரக்கூடாது என்ற நிபந்தனையோடு வாங்கியது என்றால் அதைப் பதிவேற்ற உங்களுக்கு உரிமை இல்லை. அப்போதும் "கேட்டால் தருகிறேன்" என்பது தப்பு. எந்த அலுவலகத்தில், எந்தப் பெயரில், எந்தக் காலத்துக்கான தரவை விண்ணப்பித்து வாங்கலாம் என்று எழுதுங்கள். உங்கள் பகுப்பாய்வு நிரலை மட்டும் களஞ்சியத்தில் வையுங்கள்.

## வழி 2: துறைக் களஞ்சியம்

உங்கள் வகைத் தரவுக்கென்றே ஒரு களஞ்சியம் இருந்தால் வேறு யோசனை வேண்டாம், அங்கேதான் போக வேண்டும். டிஎன்ஏ வரிசை என்றால் ஜென்பேங்க், ஐரோப்பாவின் ஈஎன்ஏ, ஜப்பானின் டிடிபிஜே. மூன்றும் தரவைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்வதால் ஒன்றில் போட்டால் மூன்றிலும் வந்துவிடும். புரத அமைப்பு என்றால் 1971 முதல் இயங்கும் புரோட்டீன் டேட்டா பேங்க். படிக அமைப்பு என்றால் கேம்பிரிட்ஜின் படிக அமைப்புத் தரவுத்தளம். புவி, கடல், சூழல் அளவீடுகளுக்கு ஜெர்மனியின் பாங்கேயா. இந்தியாவில் அரசு நிதியில் உருவாகும் உயிரியல் தரவுக்காக ஃபரீதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் 2022 நவம்பரில் தொடங்கப்பட்டது. சமூக அறிவியலுக்கு, இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎஸ்எஸ்ஆர்) தரவுச் சேவை இருக்கிறது. நிதி தந்த துறை எதைக் கேட்கிறது என்று அனுமதிக் கடிதத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இங்கே கிடைக்கும் பெரிய லாபம், தேடுபவர் கண்ணில் படுவது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளை ஒன்றின் மரபணு வரிசையைத் தேடுபவர் ஸெனோடோவில் தேடமாட்டார். ஜென்பேங்கில் அது இருந்தால், உலகத்தில் எங்கோ ஒருவர் தன் வரிசையை ஒப்பிடும்போது தானாகவே அவர் முன் வந்து நிற்கும்.

மறைந்திருக்கும் செலவு படிவங்களில் இருக்கிறது. மாதிரி எந்த நாட்டில், எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்பதை வரிசைக் களஞ்சியங்கள் இப்போது கட்டாயமாகக் கேட்கின்றன. களக் குறிப்பேட்டில் தேதி இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடுவீர்கள். உயிரினப் பதிவுகளுக்கான ஜிபிஃப் தளத்தில் தனிநபர் நேரடியாகப் பதிவேற்ற முடியாது. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும், தரவும் டார்வின் கோர் என்ற வடிவத்தில் இருக்க வேண்டும். இந்த வடிவத்துக்கு மாற்றுவதைக் கடைசி வாரத்தில் செய்ய நினைத்தால் நரகம். முதல் களப்பயணத்துக்கு முன்பே அந்தத் தலைப்புகளோடு அட்டவணையை அமைத்துவிட்டால் கூடுதல் வேலை என்று ஒன்றுமே இல்லை.

திறந்து வைக்கக் கூடாத விவரமும் இதில் உண்டு. நட்சத்திர ஆமை, காட்டு ஆர்க்கிட் போன்று கள்ளச்சந்தையில் விலைபோகும் உயிரினங்களின் துல்லியமான ஜிபிஎஸ் புள்ளியை வெளியிட்டால் அது பிடிப்பவர்களுக்கு வழிகாட்டும். இடத்தைப் பல கிலோமீட்டர் கட்டத்துக்குள் மங்கலாக்கி, அப்படிச் செய்திருப்பதையும் குறிப்பில் சொல்லிவிட வேண்டும்.

## வழி 3: பொதுக் களஞ்சியம்

எந்தத் துறைக் களஞ்சியத்துக்கும் பொருந்தாத தரவுதான் நம்மில் பெரும்பாலோரிடம் இருக்கிறது. நாற்பது கிராமங்களின் கிணற்று நீர் அளவீடு, பள்ளி ஆசிரியர்களிடம் எடுத்த கேள்வித்தாள், ஒரு வட்டாரத்தின் பேச்சு வழக்குச் சொற்பட்டியல். இவற்றுக்கு நான்கு பெயர்கள் அடிக்கடி வரும். நான்கும் ஒன்றல்ல.

ஸெனோடோ. 2013-ல் தொடங்கியது, ஜெனிவாவில் இருக்கும் செர்ன் ஆய்வகம் நடத்துகிறது. இலவசம். ஒரு பதிவுக்கு 50 ஜிபி, 100 கோப்பு வரை. கோப்புகள் அதிகம் என்றால் ஜிப் செய்யலாம். ஒவ்வொரு பதிப்புக்கும் தனி டிஓஐ, எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவாக இன்னொரு டிஓஐ. நிரல்களை வைக்கும் தளமான கிட்ஹப்போடு இணைத்தால் நிரலின் ஒவ்வொரு வெளியீடும் தானாகச் சேமிக்கப்படும். (கிட்ஹப் மட்டும் போதுமா என்று கேட்பவர்களுக்கு: போதாது. உரிமையாளர் ஒரு சொடுக்கில் அழித்துவிடலாம், டிஓஐயும் இல்லை.) குறை என்னவென்றால், நீங்கள் போட்டது சரியாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. தலைப்பில் "புதிய கோப்பு 2" என்று எழுதினாலும் டிஓஐ வந்துவிடும். வெளியிட்ட கோப்பில் பிழை கண்டால் அதையே மாற்ற முடியாது, புதிய பதிப்புதான் போட வேண்டும். அது நல்லதுதான் என்றாலும், வெளியிடும் முன் இன்னொருவரைக் கோப்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ட்ரையட். இதன் பலம் மனிதர்கள். தரவை ஒருவர் திறந்து பார்த்து, ரீட்மீ என்ற விளக்கக் குறிப்பு சரியில்லை, இந்த நெடுவரிசைக்கு அலகு இல்லை என்று திருப்பி அனுப்புவார். முதன்முறை தரவு வெளியிடும் மாணவருக்கு இது பெரிய பாடம். ஆனால் கட்டணம் உண்டு. உங்கள் நிறுவனமோ ஆய்விதழோ உறுப்பினராக இருந்தால் அவர்களே கட்டிவிடுவார்கள், ஆகவே முதலில் ஆய்விதழிடம் கேளுங்கள். இரண்டாவது நிபந்தனை, சிசி ஜீரோ உரிமம் மட்டுமே. அதாவது எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்க வேண்டும். மேற்கோள் காட்டுவது சட்டக் கடமையாக இல்லாமல் ஆய்வு ஒழுக்கமாகவே நிற்கும். அது மனசுக்கு ஒப்பவில்லை என்றால், பெயரைச் சொல்லிப் பயன்படுத்தக் கோரும் சிசி-பை உரிமத்தை அனுமதிக்கும் ஸெனோடோ பக்கம் போகலாம்.

ஹார்வர்ட் டேட்டாவர்ஸ். பெயரைப் பார்த்து ஹார்வர்ட்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம், எந்த நாட்டு ஆய்வாளரும் பயன்படுத்தலாம். ஒருவருக்கு 1 டிபி வரை இலவசம், ஒரு கோப்பு 2.5 ஜிபிக்குள் இருக்க வேண்டும். எஸ்பிஎஸ்எஸ், ஸ்டேட்டா கோப்புகளைப் போட்டால் அந்த மென்பொருள் இல்லாதவரும் திறக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தந்து, ஒவ்வொரு மாறிக்கும் சுருக்கப் புள்ளிவிவரமும் காட்டும். கணக்கெடுப்புத் தரவு வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஃபிக்‌ஷேர். பயன்படுத்த இதமானது, படம், காணொளி எல்லாம் உலாவியிலேயே தெரியும். தனியார் நிறுவனம் நடத்துவது. ஆயுள் என்ற அளவுகோலில், பொதுப்பணத்தில் ஓடும் ஓர் ஆய்வகத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணை இதற்குக் கொடுக்கமாட்டேன்.

## வழி 4: உங்கள் நிறுவனத்தின் களஞ்சியம்

நன்றாக நடத்தப்படும் நிறுவனக் களஞ்சியம் உண்மையில் நல்ல இடம். ஹைதராபாத் அருகே பட்டாஞ்சேருவில் இருக்கும் பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனமான இக்ரிசாட் தன் பயிர், கிராம ஆய்வுத் தரவை டேட்டாவர்ஸ் மென்பொருளில் டிஓஐயோடு வெளியிடுகிறது. அங்கே கேள்வி கேட்க ஆள் இருக்கிறது, உள்ளூர் விதிகளும் அவர்களுக்குத் தெரியும்.

பல கல்லூரிகளில் நிலைமை வேறு. ஆய்வேடுகளின் பிடிஎஃப் வைக்க என்று டிஸ்பேஸ் என்ற களஞ்சிய மென்பொருள் நிறுவப்பட்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டவர் வேலை மாறியதும் புதுப்பித்தல் நின்றுவிடும். இணைப்பில் கல்லூரியின் பெயருக்குப் பதில் ஐபி எண் இருந்தால் அது எச்சரிக்கை மணி. சேர்வதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். டிஓஐ தருகிறீர்களா? நகல் வேறு ஊரில் இருக்கிறதா? தரவு, பிடிஎஃப் அல்லாத வடிவங்களில் வாங்குகிறீர்களா? உலகக் களஞ்சியப் பதிவேடான ஆர்இ3டேட்டாவில் உங்கள் பெயர் இருக்கிறதா? முதல் இரண்டில் ஒன்றுக்கு "இல்லை" என்றாலும், முதன்மைப் பிரதியைப் பொதுக் களஞ்சியத்தில் போட்டுவிட்டு அந்த டிஓஐயை மட்டும் கல்லூரிப் பக்கத்தில் இணையுங்கள்.

ஷோத்கங்காவில் ஆய்வேடு ஏறிவிட்டதே என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். அது ஆய்வேட்டுக்கான இடம். பின்னிணைப்பில் பிடிஎஃப் அட்டவணையாகக் கிடக்கும் எண்களை எடுக்க வேண்டுமானால் ஒருவர் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | கேட்டால் தருவது | துறைக் களஞ்சியம் | பொதுக் களஞ்சியம் | நிறுவனக் களஞ்சியம் |
|---|---|---|---|---|
| ஆயுள் | உங்கள் மின்னஞ்சல் உள்ளவரை | மிக நல்லது | நல்லது. நடத்துபவரைப் பொறுத்தது | இடத்துக்கு இடம் மாறும் |
| அடையாள எண் | இல்லை | சேர்க்கை எண் அல்லது டிஓஐ | டிஓஐ | கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் |
| துறைக்காரர் கண்ணில் படுமா | படாது | நிச்சயம் | தேடினால் | அரிது |
| அணுகல் கட்டுப்பாடு | முழுதும் உங்கள் கையில் | களஞ்சிய விதிப்படி | ஸெனோடோ, டேட்டாவர்ஸில் முடியும். ட்ரையடில் முடியாது | பெரும்பாலும் முடியும் |
| பணம் | இல்லை | பெரும்பாலும் இல்லை | ட்ரையடில் உண்டு | இல்லை |
| மறைந்த செலவு | பல வருடங்களுக்குப் பதில் சொல்வது | வடிவ மாற்றம், படிவங்கள் | விளக்கக் குறிப்பு முழுதும் உங்கள் பொறுப்பு | ஆள் மாறினால் அறுந்துபோகும் |

## மனிதர்களைப் பற்றிய தரவு

நேர்காணல், கணக்கெடுப்பு, மருத்துவப் பதிவு வைத்திருப்பவர்கள் அட்டவணையின் நான்காவது வரிசையிலிருந்து தொடங்க வேண்டும். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பது ஆபத்தான நம்பிக்கை. பிறந்த தேதி, பால், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை வைத்தே அமெரிக்க மக்களில் 87% பேரைத் தனித்து அடையாளம் காண முடியலாம் என்று 1990-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை வைத்து மதிப்பிட்டிருக்கிறார்கள். நம் ஊரில் கிராமத்தின் பெயர், சாதி, வயது, தொழில் ஆகிய நான்கு நெடுவரிசைகள் போதும். அந்தக் கிராமத்துக்காரர் ஒருவர் பார்த்ததும் "இது இன்னார்தான்" என்று சொல்லிவிடுவார். கடன், குடும்ப வன்முறை, நோய் பற்றிய பதில்கள் அதே வரிசையில் இருக்கும்போது நாம் ஒருவருடைய நம்பிக்கையை உடைத்துவிடுகிறோம். தரவு திறந்திருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு விரும்பினாலும், இதற்குமேல் அந்த விருப்பத்துக்கு இடமில்லை.

வயதை ஐந்தாண்டு அடுக்குகளாக்குங்கள், கிராமத்தை வட்டமாகவோ மாவட்டமாகவோ உயர்த்துங்கள். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் கட்டுப்பாட்டு அணுகலில் வையுங்கள். ஸெனோடோவில் இப்படி வைத்தால் கோரிக்கைகளுக்கு அனுமதி தருவது நீங்களேதான். அதாவது முதல் வழியின் பலவீனம் பாதி இங்கேயும் வந்துவிடும். ஆகவே இணையாசிரியர் ஒருவரையும் பொறுப்பாளராகச் சேர்த்துவிடுங்கள். நீண்டகாலத் திட்டங்களுக்கு, விண்ணப்பங்களைத் தாமே பரிசீலிக்கும் சமூக அறிவியல் காப்பகங்கள் மேல்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சம்மதப் படிவம். "உங்கள் பதில்கள் ரகசியமாக வைக்கப்பட்டு, ஆய்வு முடிந்ததும் அழிக்கப்படும்" என்று அச்சடித்துவிட்டால், அப்புறம் எந்தக் களஞ்சியத்துக்கும் போக உங்களுக்கு உரிமை இல்லை. களத்துக்குப் போகும் முன்பே இப்படி ஒரு வரியைச் சேர்த்து நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை வாங்குங்கள்: "உங்கள் பெயரும் உங்களை அடையாளம் காட்டும் விவரங்களும் நீக்கப்பட்ட பிறகு, நீங்கள் தந்த தகவல்களை மற்ற ஆய்வாளர்களும் பயன்படுத்தும்படி தரவுக் களஞ்சியத்தில் வைக்கலாமா?" இதற்கு ஆம், இல்லை என்று தனிக் கட்டம் இருக்கட்டும். இல்லை என்றவரும் ஆய்வில் பங்கேற்கலாம். அவருடைய வரிசையை மட்டும் வெளியிடும் கோப்பிலிருந்து எடுத்துவிடலாம்.

## எந்த வழி எடுத்தாலும் வரும் செலவு

களஞ்சியத்தைத் தேர்ந்தெடுப்பது ஒரு மாலை வேலை. கோப்பைத் தயார்படுத்துவதுதான் பெரிய வேலை, தமிழில் உள்ள தரவுக்கு அது இன்னும் கூடுதல்.

பழைய கணக்கெடுப்புகள் பல பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சானவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. உங்கள் கோப்பும் மாற்றப்பட்டே களஞ்சியத்துக்குப் போக வேண்டும். மாற்றிய பிறகும் சில பிழைகள் ஒளிந்திருக்கும். "கொ" என்ற எழுத்தை ஒரே துணைக்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ஔகாரத்தின் சிறகும் "ள" எழுத்தும் குழம்புவதும் இதே கதை. என்எஃப்சி என்ற யூனிகோடு இயல்பாக்கத்தை ஒருமுறை ஓட்டினால் கொம்பும் காலும் சேர்ந்துவிடும். "ள" பிழையைக் கையால்தான் திருத்த வேண்டும்.

சிஎஸ்வி கோப்பை எக்செலில் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று சொல்லியிருக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தமிழ் முழுதும் கேள்விக்குறிகளாகிவிடும். எக்செல் தானாகச் செய்யும் மாற்றங்களுக்கு உலக அளவில் ஓர் உதாரணம் உண்டு. சில மனித மரபணுக்களின் சுருக்கப் பெயர்களை அது தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், பெயரிடும் குழு 2020-ல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது.

திருச்சி, திருச்சிராப்பள்ளி என்று ஒரே ஊர் இரண்டு பெயரில் வரும்போது கணினிக்கு அவை இரண்டு ஊர்கள். பக்கத்தில் ஒரு நெடுவரிசை போட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறியீட்டு எண்ணைச் சேர்த்துவிடுங்கள். தரவு தமிழில் இருப்பது நல்லதே, மாற்ற வேண்டாம். ரீட்மீ குறிப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பொருள், அலகு, விடுபட்ட மதிப்புக்கு என்ன குறி போட்டிருக்கிறீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும். 99 என்பது "பதில் இல்லை" என்று உங்களுக்குத் தெரியும். அடுத்தவர் அதைத் தொண்ணூற்றொன்பது வயது என்று எடுத்துச் சராசரி போட்டுவிடுவார்.

## சரி, யாருக்கு எது?

மரபணு வரிசை, புரதம், படிகம், உயிரினப் பதிவு என்றால் துறைக் களஞ்சியம். கணக்கெடுப்பு என்றால் ஹார்வர்ட் டேட்டாவர்ஸ் அல்லது ஐசிஎஸ்எஸ்ஆர். நிரலும் அளவீடும் கலந்திருந்தால் ஸெனோடோ. ஆய்விதழ் கட்டணத்தைக் கட்டுகிறது, தரவில் மனித அடையாளம் எதுவும் இல்லை என்றால் ட்ரையட். துறைக் களஞ்சியம் இல்லாத தரவுக்கு, நிறுவனக் களஞ்சியம் மேலே சொன்ன நான்கு கேள்விகளிலும் தேறினால், பொதுக் களஞ்சியங்களுக்கு முன்னால் அதையே எடுங்கள். உள்ளூரில் இப்படி ஓர் இடம் உயிரோடு இருப்பது அடுத்து வரும் மாணவர்களுக்கும் உதவும். ஒரே ஆய்வின் தரவை இரண்டு இடத்தில் பிரித்து வைப்பதிலும் தப்பில்லை. வரிசைகள் ஜென்பேங்கில், கள அளவீடுகள் ஸெனோடோவில் என்று வைத்து, இரண்டு எண்களையும் கட்டுரையில் தந்துவிடலாம்.

ஸெனோடோவைத் தேர்ந்தெடுப்பவர்கள் கடைசி நேரத்தில் சறுக்கும் ஓர் இடம் உண்டு. பதிவை வெளியிடாமலேயே டிஓஐயை முன்பதிவு செய்து கட்டுரையில் எழுதிவிடலாம், மதிப்பீட்டாளருக்கு ரகசிய இணைப்பும் தரலாம். ஆனால் வெளியிடும் பொத்தானை அழுத்தும்வரை அந்த எண் எங்கேயும் கொண்டுபோகாது. கட்டுரை ஏற்கப்பட்ட மின்னஞ்சல் வந்த அன்றே உள்ளே போய் அதை அழுத்திவிடுங்கள். அச்சுப் பிரதி திருத்தத்துக்கு வரும்போது, தரவுக் குறிப்பில் இருக்கும் எண்ணை உலாவியில் ஒட்டி, உங்கள் கணக்கில் நுழையாத இன்னொரு கணினியில் திறக்கிறதா என்று பாருங்கள்.